இரண்டு மெஷினுக்கும் ஒரே முழம் பூ

அத்தியாயம் பதினொன்று

சாந்தகுமாரி பூச்சரத்தை முழங்கையால் அளந்து வெட்டினாள். முதல் துண்டு அவள் தம்பி வாங்கித் தந்த மேக்குக்கு. இரண்டாவது துண்டு அவள் மகன் பாகங்களைச் சேர்த்துப் பூட்டிய கம்ப்யூட்டருக்கு. இரண்டையும் தூக்கிப் பிடித்து நுனிக்கு நுனி சேர்த்துப் பார்த்தாள். ஒன்றில் ஒரு சாமந்தி கூடுதலாக இருந்தது. அதைக் கிள்ளி எடுத்துத் தன் தலையில் செருகிக்கொண்டாள்.

"இன்னாமா, ரேஷன் கடை மாதிரி அளக்கற?" என்றான் சஞ்சய்.

"நீ பேசாத. பூ குறைஞ்சுதுன்னு நாளைக்கு ஒருத்தனும் என்கிட்ட மூஞ்சியைத் தூக்கக் கூடாது."

ஸ்ரீராம்புரத்தின் அந்தச் சின்ன வீட்டில் சில மாதங்களாக இதே கதைதான். மகள் தாரணிக்கு அனிமேஷன் கல்லூரியில் இடம் கிடைத்ததும், தாய்மாமன் அர்ஜுனன் வெற்றிலை, பழம், புடவையோடு தாம்பாளத்தில் வைத்து ஒரு மேக் லேப்டாப்பைக் கொண்டுவந்து கொடுத்தார். மஞ்சள் நீராட்டுக்கு வைக்க முடியாமல் போன சீர் இது என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னார். ஆனால் அதற்கு முன்பே அண்ணன் சஞ்சய், தான் வேலை பார்க்கும் எஸ்.பி. ரோடு கம்ப்யூட்டர் கடையிலிருந்து ஒவ்வொரு பாகமாகக் கொண்டுவந்து, தங்கைக்கென்று ஒரு விண்டோஸ் கம்ப்யூட்டரைப் பூட்டி முடித்திருந்தான்.

இரண்டையும் வைத்துக்கொண்டு இருந்துவிடலாம் என்றால் கல்லூரி விடவில்லை. அங்கே இரண்டு ஸ்டூடியோ. கையால் வரைகிற அனிமேஷன் ஒன்று. அங்கே ஆசிரியர் முதல் மாணவர் வரை மேக். முப்பரிமாணத்தில் உருவாக்குவது இன்னொன்று. அங்கே எல்லாம் விண்டோஸ். ஒவ்வொருவரும் ஒரு குறும்படம் செய்து, எந்த ஸ்டூடியோ என்று குறித்து, இன்று மாலை ஆறு மணிக்குள் கல்லூரியின் இணையப் பக்கத்தில் ஏற்ற வேண்டும். படம் வராவிட்டால் எந்தப் பக்கம் காலி இருக்கிறதோ அங்கே தள்ளிவிடுவார்கள். பிறகு படிப்பு முடியும் வரை மாற்றம் கிடையாது.

இன்று ஆயுத பூஜை. கல்லூரிக்கு லீவு. கெடுவுக்கு லீவு இல்லை.

தாரணி எதைக் குறிக்கப் போகிறாள் என்று யாரிடமும் சொல்லவில்லை. தோழி அனன்யாவிடம் மட்டும் போன வாரம் போனில் சொன்னாள். "மேக்லதான்டி கை ஓடுது. பேனா வெச்ச இடத்துல கோடு விழுது. ஆனா அண்ணன் மூஞ்சியைப் பாத்து எப்படிச் சொல்றது?" அப்போது டீ தம்ளரோடு மாடிப்படி ஏறி வந்த சஞ்சய், டீயோடு அப்படியே இறங்கிப் போனான். அது அவளுக்குத் தெரியாது. நமக்குத் தெரியும்.

சொல்ல முடியாததால் அவள் ஒரு காரியம் செய்திருந்தாள். படத்தையே இரண்டாகப் பிரித்துவிட்டாள்.

படம் சின்னதுதான். விடியற்காலையில் அவர்கள் தெருவுக்குத் தண்ணீர் வருகிறது. அவள் அப்பா பச்சைமுத்து தண்ணீர் வாரியத்தில் வால்வ் திறப்பவர். ஆளுயர இரும்புச் சாவியைக் குழிக்குள் விட்டுத் திருப்புகிறார். குழாய் இருமுகிறது. வீடுகளிலிருந்து குடங்களும் டிரம்களும் அவற்றின் பின்னால் மனிதர்களும் வருகிறார்கள். அவ்வளவுதான் கதை. வீடுகள், குழாய், ஈரத் தரை எல்லாவற்றையும் அண்ணனின் கம்ப்யூட்டரில் முப்பரிமாணத்தில் கட்டினாள். அதன் கிராபிக்ஸ் கார்டு இல்லாவிட்டால் அந்த ஈரத்தில் விளக்கு வெளிச்சம் அப்படி மின்னியிருக்காது. மனிதர்களை மட்டும் மாமாவின் மேக்கில் கையால் வரைந்தாள். தெரு அண்ணனுடையது, ஆட்கள் மாமாவுடையவர்கள். அண்ணன் வீட்டில் இருந்தால் தெரு, மாமா வந்தால் ஆட்கள். யாருக்கும் மனத்தாங்கல் இல்லாமல் நாட்கள் ஓடின.

இன்று ஆட்களைத் தெருவில் இறக்கிவிட வேண்டும். மத்தியானத்துக்குள் முடித்து ஏற்றிவிட்டால், சாயங்காலம் அம்மா பூஜை போட்டுக்கொள்ளலாம். இதுதான் திட்டம்.

குளித்துவிட்டு ஈரத்தலையோடு வந்தவள் கூடத்தில் அப்படியே நின்றாள்.

பூஜை தயாராகியிருந்தது. பலகை மேல் அம்மாவின் தையல் மெஷின், வாரியத்துப் பூஜைக்குப் போயிருக்கும் அப்பாவின் வால்வ் சாவி, அண்ணனின் ஸ்க்ரூ டிரைவர் பெட்டி. நடுவில் மேக்கும் கம்ப்யூட்டரும், சந்தனம் குங்குமத்தோடு, ஒரே முழம் பூவோடு. அண்ணனின் மெஷின் கனம், அதைத் தூக்க முடியாது. அதனால் மேக்குக்கு அடியில் இரண்டு செங்கல் கொடுத்து உயரத்தைச் சமன் செய்திருந்தாள் அம்மா.

"சாயங்காலம்தானே சொன்ன?"

மாமா புதுக் காரில் வந்துகொண்டிருக்கிறாராம். சாயங்காலம் ஆனேக்கல்லில் அவருடைய அபார்ட்மெண்ட்டில் பூஜையாம். அக்கா கையால்தான் காருக்கு முதல் கற்பூரம் காட்ட வேண்டுமாம். இதைச் சொல்லிக்கொண்டே சாந்தகுமாரி சுண்டலில் தேங்காய் தூவினாள். அதில் என்ன கஷ்டம் என்று அவளுக்குப் புரியவில்லை.

"எனக்கு வேலை இருக்குமா. ரெண்டு மெஷினும் வேணும்."

"பூஜைல வெச்சாச்சு. நாளைக்குக் காலைல எடுத்துக்க."

"நாளைக்கு எடுத்து இன்னா பண்றது?"

சாந்தகுமாரி இடது கை ஆள்காட்டி விரலை நீட்டிக் காட்டினாள். போன வருஷம் பக்கத்து வீட்டு எல்லம்மா அழுதாள் என்று, பூஜையில் வைத்த மெஷினை எடுத்து ஒரே ஒரு ஜாக்கெட்டுக்கு ஓரம் அடித்தாள். ஊசி நகத்தைத் துளைத்துக்கொண்டு இறங்கியது. நகம் இன்னும் இரண்டாகப் பிளந்துதான் வளர்கிறது. அந்த நகத்துக்கு எதிராகப் பேச வீட்டில் யாருக்கும் தைரியம் கிடையாது.

வாசலில் ஹாரன் கேட்டது.

அர்ஜுனன் கிருஷ்ணகிரியிலிருந்து வந்து எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்ப்பவர். எதைப் பற்றிப் பேசினாலும் கடைசியில் அதை மேக்கோடு கொண்டுபோய் முடிக்கும் பழக்கம் அவருக்கு உண்டு. காரை விட்டு இறங்கியதும் பலகையைப் பார்த்துச் சிரித்தார்.

"ஏன் சஞ்சய், உன் மெஷின் இன்னா பீரோ சைஸ்ல இருக்கு? காலேஜுக்கு ஆட்டோல வெச்சுத்தான் கொண்டுபோகணும் போலிருக்கே."

"போனா போவட்டும் மாமா. ரிப்பேர்னா நானே கழட்டி மாட்டுவேன். உங்களுதுல ஒரு ஸ்க்ரூ கழட்டணும்னாலும் சாமி வரம் குடுக்கணும்."

"கழட்டற அவசியமே வராதுடா. அதுக்குத்தான் அந்த விலை."

"இடம் பத்தலைன்னா? இன்னொரு மெமரி போட முடியுமா அதுல? தாரு தினம் எதையாவது அழிச்சுக்கினே இருக்கா."

இருவரும் சிரித்துக்கொண்டேதான் பேசினார்கள். தாரணி சிரிக்கவில்லை. அவள் கண் பலகையின் ஓரத்தில் இருந்த கறுப்பு ஹார்ட் டிஸ்க்கில் இருந்தது. அதற்கும் ஒரு சந்தனப் பொட்டு, பொட்டின் மேல் குங்குமம். மாமா மேக்கோடு சேர்த்துக் கொடுத்த டிஸ்க். அவள் வரைந்த மனிதர்கள் அத்தனை பேரும் அதற்குள்தான் இருந்தார்கள்.

அவளுக்குள் ஒரு வழி திறந்தது. பெரிய மெஷின்களைத் தொட வேண்டாம். டிஸ்க்கை மட்டும் அம்மாவிடம் கெஞ்சி வாங்கினால் போதும். தெருவின் வீடியோ அவள் போனிலேயே இருக்கிறது. அனன்யா வீட்டு மேக்கில் உட்கார்ந்து இரண்டையும் சேர்த்துவிடலாம்.

சாந்தகுமாரி கற்பூரம் ஏற்றி மணியை எடுத்தாள். தாரணி அண்ணனின் பக்கம் சாய்ந்து, அந்த டிஸ்க்கை யார் வைத்தது என்று கேட்டாள்.

"நான்தான். நேத்து சாயங்காலம் நீங்க பூ வாங்கப் போனப்போ. உன் மேஜை மேல சும்னே கெடந்துது. சுத்தம் பண்ணி வெச்சேன்."

"சுத்தம்னா, தொடைச்சா?"

"தொடைச்சும்தான். காலி டிஸ்க்தானே. ஃபார்மேட் பண்ணிட்டேன்."

மணி அடித்துக்கொண்டிருந்தது. மாமா கண்ணை மூடிக்கொண்டு நின்றார். அம்மா கற்பூரத் தட்டை முதலில் மேக்குக்கு மூன்று சுற்று, பிறகு கம்ப்யூட்டருக்கு மூன்று சுற்று காட்டினாள். தாரணி வாயைத் திறந்தாள். தட்டு அவள் முன்னால் வந்தது. இரண்டு கையையும் நெருப்பின் மேல் வைத்து எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கையை எடுத்தபோது கன்னம் நனைந்திருந்தது. அம்மா அதைப் பக்தி என்று நினைத்துக்கொண்டாள்.

மணி நின்ற பிறகுதான் வீடு வெடித்தது.

மேக்கில் இடம் போதாமல் நேற்றுக் காலையில்தான் வரைந்ததையெல்லாம் டிஸ்க்குக்கு மாற்றிவிட்டு மெஷினில் இருந்ததை அழித்தேன் என்றாள் தாரணி. வேறு எங்கும் இல்லை. அப்பா சாவியைத் திருப்புவது, எல்லம்மாக்கா இடுப்பில் குடத்தோடு எட்டிப் பார்ப்பது, ஒன்றும் இல்லை. மழைக்காலம் முழுக்க உட்கார்ந்து வரைந்தது.

அர்ஜுனன் நெற்றியைத் தேய்த்தார். அந்த டிஸ்க் மேக்கின் முறையில் எழுதப்பட்டது என்று அக்காவுக்கு விளக்கினார். விண்டோஸில் செருகினால் அதற்குப் படிக்கத் தெரியாது. படிக்கத் தெரியவில்லை என்று சொல்லாமல், ஃபார்மேட் பண்ணட்டுமா என்று கேட்கும். சரி என்று ஒரு தடவை அழுத்தினால் போதும், உள்ளே இருந்தது போய்விடும்.

"கேட்டா காலின்னு அர்த்தம் இல்லக்கா. இவனுக்கு இது தெரியாமலா இருக்கும்? எட்டு வருஷமா கம்ப்யூட்டர் கடைல இருக்கான்."

"எங்க கடைக்கு மேக் வராது மாமா," என்றான் சஞ்சய். முகம் கறுத்திருந்தது. "அதெல்லாம் கண்ணாடி வெச்ச ஏசி கடைக்குப் போறது. நான் இன்னாத்தக் கண்டேன்? கடைல ஆயுத பூஜைன்னா, கெடக்கற டிஸ்க்கையெல்லாம் ஃபார்மேட் பண்ணித்தான் வைப்போம். பழசை உள்ள வெச்சுக்கினு பூஜை பண்ணக் கூடாதுன்னு ஓனர் மஞ்சுநாத் சொல்வாரு. அதே மாதிரி பண்ணேன். உங்க மெஷின் எழுதினதை உலகத்துல வேற எவனும் படிக்கக் கூடாதுன்னா, அது என் தப்பா?"

"ஓ, இப்ப என் சீர் மேலயே தப்பா?"

"சீர் குடுத்தவரு கொஞ்சம் பெரிய சைஸா பாத்துக் குடுத்திருந்தா அவ ஏன் அழிக்கப் போறா?"

"டேய் சஞ்சய்," என்றாள் சாந்தகுமாரி. ஆனால் குரலில் பலம் இல்லை. ஒரு பக்கம் கூடப் பிறந்தவன், ஒரு பக்கம் பெற்ற பிள்ளை. பூவை அளந்து வெட்டியும் பயன் இல்லாமல் போயிற்று.

எந்த மெஷின் எதை எதில் படிக்கும், யாருடையது வேகம், யாருடையதில் நிறம் சரியாகத் தெரியும் என்று மறுபடியும் இத்தனை மாதப் பேச்சு முதலிலிருந்து தொடங்கியது. தாரணி பலகைக்கு முன்னால் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். எழுந்திருக்காமலே பேசினாள்.

"ரெண்டு பேரும் மெஷினைப் பத்தியே பேசறீங்க. அதுல நான் இன்னா வரைஞ்சேன்னு இதுவரைக்கும் ஒருத்தராவது பாத்தீங்களா?"

மாமா பார்த்திருக்கவில்லை. மென்பொருள் புதுப்பித்திருக்கிறதா என்றுதான் ஒவ்வொரு வாரமும் பார்த்தார். அண்ணன் பார்த்திருக்கவில்லை. மின்விசிறி சத்தம் போடுகிறதா என்று காதை வைத்துக் கேட்டான். அவ்வளவுதான்.

அர்ஜுனன் காரின் நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சை வைத்து நசுக்கிக்கொண்டு, சாப்பிடாமல் புறப்பட்டுப் போனார். சாந்தகுமாரி சுண்டல் கிண்ணத்தோடு வாசல் வரை போய், கிண்ணத்தோடு திரும்பினாள்.

சஞ்சய் சுவரில் சாய்ந்து நின்றான். தரையைப் பார்த்தபடி சொன்னான். கடை கம்ப்யூட்டரில் ரெக்கவரி சாப்ட்வேர் இருக்கிறது. டிஸ்க்கில் வேறு எதையும் எழுதவில்லை. தேடினால் கிடைக்கலாம். கடைச் சாவி அவனிடம்தான். ஆனால் கடையிலும் காலையிலேயே பூஜை ஆகிவிட்டது. அங்கேயும் எதையும் தொடக் கூடாது. அவன் சேர்ந்த நாளிலிருந்து யாரும் தொட்டதில்லை.

இருவரும் அம்மாவைப் பார்த்தார்கள்.

சாந்தகுமாரி பிளந்த நகத்தைப் பெருவிரலால் நெருடினாள். பிறகு போய் இன்னொரு கற்பூரம் ஏற்றினாள். பலகைக்கு முன்னால் குனிந்து, உதடு மட்டும் அசைய ஏதோ சொன்னாள். டிஸ்க்கை எடுத்து முந்தானையில் பொதிந்து மகளிடம் நீட்டினாள்.

"எடுத்தது நான். உங்க கை படல. எது வந்தாலும் எனக்கு வரட்டும். பெரிசு ரெண்டையும் தொடாத, அவ்ளோதான்."

ஸ்கூட்டர் ஒக்கலிபுரம் பாலத்துக்கு அடியில் போய் மாட்டிக்கொண்டது. எல்லா வண்டிக்கும் இரண்டு பக்கமும் வாழைக்கன்று. முன்னால் நின்ற பஸ்ஸின் மாலை வைப்பரில் சிக்கி, வைப்பர் அதை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தள்ளிக்கொண்டிருந்தது. தரையெல்லாம் உடைத்த பூசணி. சஞ்சய் இரண்டு காலையும் ஊன்றி ஊன்றி வண்டியை நகர்த்தினான். வழுக்கிய இடத்தில் தங்கையின் முழங்காலை ஒரு கையால் பிடித்துக்கொண்டான்.

அவன் சட்டை முதுகு வேர்வையில் ஒட்டியிருந்தது. தாரணி அதையே பார்த்துக்கொண்டு வந்தாள். கோபத்தைப் பிடித்து வைத்துக்கொள்ள முயன்றாள். கை வழியே மீன் நழுவுவது போல அது நழுவிக்கொண்டே இருந்தது. பாவம், தெரியாமல் செய்துவிட்டான். மாமா மாதிரி கடைக்குப் போய் ஒரே நாளில் வாங்கி வந்ததா அந்த மெஷின்? விலை போகாமல் திரும்பி வந்த கேபினெட்டை வாங்கி, கீறல் தெரியாமல் பெயிண்ட் அடித்து, உள்ளே ஒரு நீல விளக்கு வைத்து, அதைப் போட்டுக் காட்டுவதற்காக வீட்டு லைட்டையெல்லாம் அணைத்தவன். இப்போது அவளுக்காகக் கடையின் பூஜையையும் கலைக்கப் போகிறான்.

பாலத்தைத் தாண்டும்போது முடிவு செய்துவிட்டாள். படம் கிடைத்தால் விண்டோஸ் என்றே குறித்துவிடலாம். தெருவைக் கட்டிக்கொண்டு இருந்துவிடலாம். ஆட்கள் பிறகு எப்போதாவது வரட்டும்.

அந்த முடிவில் மகிழ்ச்சி எதுவும் இல்லை. செருப்புக் கடித்தாலும் பரவாயில்லை, அதைப் போட்டுக்கொண்டே நடந்துவிடலாம் என்பது போல ஒரு சமாதானம் மட்டும் இருந்தது.

எஸ்.பி. ரோடு இப்படி அமைதியாக இருந்து அவள் பார்த்ததில்லை. ஷட்டர் தோறும் மாவிலை. சஞ்சய் பாதி ஷட்டரைத் தூக்கினான், இருவரும் குனிந்து நுழைந்தார்கள். உள்ளே கம்ப்யூட்டர்கள் வரிசையாக நெற்றியில் குங்குமத்தோடு உட்கார்ந்திருந்தன. பொரியும் ஊதுபத்தியும் கலந்து மணத்தது.

ஒரு கம்ப்யூட்டருக்கு முன்னால் நின்று, சஞ்சய் மவுஸைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். பிறகு பூவை விலக்கி சுவிட்சைப் போட்டான்.

டிஸ்க்கைச் செருகி ரெக்கவரி சாப்ட்வேரைத் திறந்தான். பச்சைக் கோடு ஒன்று திரையின் ஓரத்தில் முளைத்தது. அதன் பிறகு இருவரும் அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வளர்கிறது என்று நினைத்தால் நின்றது, நின்றுவிட்டது என்று நினைத்தால் வளர்ந்தது. தாரணி பொரியை ஒவ்வொன்றாக எடுத்து மென்றாள். மணி நாலைத் தாண்டியதும் அதுவும் இறங்கவில்லை.

முதல் படம் வந்தது. ஒரு கை. இரும்புச் சாவியைப் பிடித்த கை.

சஞ்சய் திரையில் குனிந்தான். அடுத்தது வந்தது, அதற்கடுத்தது வந்தது. பெயரெல்லாம் போய் வெறும் எண்களாக, முன்னுக்குப் பின்னாக வந்தன. குடம் நிறைந்த பிறகு குழாய் இருமியது. அவர்கள் தெருவின் ஆட்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள்.

"அப்பா சாவியைத் திருப்பும்போது நாக்கைக் கடிச்சுக்குவாரே," என்றான் சஞ்சய். "அதைக்கூட வரைஞ்சிருக்க."

அவன் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

அவள் போன் ஒலித்தது. அர்ஜுனன். குரல் இறங்கியிருந்தது. மேக்கைத் தயார் செய்த அன்று ஒரு வெள்ளை பென் டிரைவ் கொடுத்தாரே, அதில் ஏதாவது பிரதி இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். பையைக் கிளறினாள், இருந்தது. ஆரம்பத்தில் வரைந்த சிலவற்றை அதில் போட்டுப் பார்த்த ஞாபகம். அண்ணனிடம் நீட்டினாள்.

சஞ்சயின் கண் பச்சைக் கோட்டில் இருந்தது. அதை விட்டு எடுக்காமலே வலது கையால் பென் டிரைவைச் செருகினான்.

திரையில் ஒரு சின்னக் கட்டம் எழுந்தது. இந்த டிஸ்க்கைப் பயன்படுத்த ஃபார்மேட் செய்ய வேண்டும், செய்யட்டுமா?

அவள் படித்து முடிப்பதற்குள் கட்டம் மறைந்துவிட்டது. சஞ்சயின் விரல் வேண்டாம் என்பதை அழுத்தியிருந்தது. "மேக் டிரைவ் இது, இங்க தெறக்காது," என்று முணுமுணுத்து, பிடுங்கி அவள் பக்கம் நகர்த்தினான். மூக்கின் மேல் உட்கார்ந்த ஈயை விரட்டுவது போல, யோசனையே இல்லாமல்.

எங்கள் கடைக்கு மேக் வராது என்று காலையில் சொன்னவன்.

பென் டிரைவை எடுத்துக்கொள்ள நீட்டிய அவள் கை நடுவில் நின்றது. அது நின்றதைப் பார்த்த பிறகுதான் சஞ்சய்க்குத் தன் விரல் செய்தது தெரிந்தது. மெதுவாக அதை மவுஸிலிருந்து எடுத்தான். தொடையில் வைத்துக்கொண்டான்.

வெளியே யாரோ பட்டாசு வெடித்தார்கள்.

"நேத்தும் இதே கட்டம்தானே வந்துருக்கும்?" என்றாள் தாரணி.

அவன் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அங்கே எல்லம்மாக்கா குடத்தோடு எட்டிப் பார்த்தாள்.

"டைம் ஆவுது தாரு. நீ படத்தை அடுக்கு."

அவள் அடுக்கினாள். கல்யாண வீடியோக்காரர்களுக்கு ஓட்டிக் காட்டுவதற்காகக் கடையில் ஒரு எடிட்டிங் சாப்ட்வேர் இருந்தது. போனிலிருந்து தெருவை எடுத்தாள். அதன் மேல் அப்பாவை நிறுத்தினாள். வரிசை தப்பியவர்களைத் தேடிப் பிடித்து அவரவர் வாசலில் கொண்டுபோய் விட்டாள். இரண்டு இடத்தில் நிழல் பொருந்தவில்லை. ஒரு பெண்ணின் முந்தானை கிடைக்கவே இல்லை. அவளை நீக்கிவிட்டாள். சஞ்சய் கேபிளை மாற்றிக் கொடுத்தான், தண்ணீர் பாட்டிலைத் திறந்து வைத்தான், நெட் விட்டுப் போனபோது தன் போனிலிருந்து கொடுத்தான். ஒரு நாளில் ஒரே ஆள் எத்தனை உதவி செய்ய முடியுமோ அத்தனையும் செய்தான். அதுதான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது. கத்துவதற்கு ஒரு முழு அண்ணன் வேண்டும். இங்கே இருந்தவன் பாதி திருடன், பாதி காவல்காரன்.

படம் ஏறியது. கல்லூரியின் இணையப் பக்கம் கடைசிக் கேள்வியைக் கேட்டது. எந்த ஸ்டூடியோ? இரண்டு வட்டம். ஏதாவது ஒன்று.

பாலத்துக்கு அடியில் எடுத்த முடிவை அவள் தேடிப் பார்த்தாள். அது அங்கேயே பூசணிச் சிதறலோடு கிடந்தது போலிருக்கிறது, இங்கே கூட வரவில்லை. அண்ணனைப் பழிவாங்குகிறோமா என்று ஒரு தடவை கேட்டுக்கொண்டாள். இல்லை. இப்போதும் கை அங்கேதான் போகிறது. முதல் நாளிலிருந்தே அங்கேதான் போனது.

மேக் என்ற வட்டத்தை அழுத்தினாள். ஆறு அடிக்கக் கொஞ்ச நேரம் இருந்தது.

சஞ்சய் திரையைப் பார்க்கவில்லை. பின்பக்கம் திரும்பி நின்று, மவுஸில் கலைந்த குங்குமத்தைத் துடைத்துவிட்டுப் புதிதாக ஒரு பொட்டு வைத்துக்கொண்டிருந்தான். விலக்கிய பூவை எடுத்து, காலையில் இருந்த மாதிரியே கம்ப்யூட்டரின் மேல் சாத்தினான். நாளைக்கு மஞ்சுநாத் வந்து பார்த்தால் யாரோ தொட்டார்கள் என்று சொல்ல முடியாது.

"நாளைக்குக் காலைல அம்மா பூஜையைக் கலைச்சதும் அந்த மெஷினைப் பிரிச்சிடறேன்," என்றான். எந்த வட்டம் என்று அவன் கேட்கவே இல்லை. "கிராபிக்ஸ் கார்டை ஒருத்தரு ரொம்ப நாளா கேட்டுனு இருக்காரு. டிஸ்க்கையும் ஃபார்மேட் பண்ணிக் குடுத்துடலாம்."

தாரணி பையை மாட்டிக்கொண்டு ஷட்டருக்கு அடியில் குனிந்து வெளியே வந்தாள். போனில் இருப்பது வெறும் வீடியோ. அவள் ஒவ்வொரு செங்கல்லாகக் கட்டிய வீடுகள், குழாய், ஈரம், அந்த வெளிச்சம் எல்லாம் இருப்பது வீட்டுப் பலகை மேல், நீல விளக்கு எரியும் அந்தக் கேபினெட்டுக்குள் மட்டும்தான்.

"பிரிக்காதண்ணா. என் தெரு அதுக்குள்ளதான் இருக்கு."

அவள் சொன்னதும் அவன் ஷட்டரைப் பிடித்து இழுத்ததும் ஒரே நேரத்தில் நடந்தது. இரும்பு கடகடவென்று தரைவரை இறங்கியது. அவன் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. குனிந்து பூட்டைப் பூட்டி, பூட்டிவிட்டதா என்று இரண்டு தடவை இழுத்துப் பார்த்து, முகத்தைக் காட்டாமலே வண்டியைக் கிளப்பினான்.